படத்தில் கட்டடம் பின்னால் சாய்கிறது, நேராக்கினால் மேலே நீள்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. எங்கள் புகைப்படக் குழுவில் இப்போது கட்டடங்களைப் படமெடுக்கப் பழகுகிறோம். எல்லோருக்கும் ஒரே சிக்கல். பக்கச் சுவர்கள் மேலே போகப் போக உள்ளே சாய்ந்து, கட்டடமே பின்னால் விழுவதுபோல் தெரிகிறது. லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் நேராக்கினால் மேல் தளங்கள் இழுத்துவிட்டதுபோல் நீண்டுவிடுகின்றன, ஓரங்களும் நிறைய வெட்டுப்படுகின்றன. கட்டடம் சுமார் 18 மீட்டர் உயரம். ஃபுல் ஃப்ரேம் (36 × 24 மி.மீ. சென்சார்) கேமரா, 24 மி.மீ. லென்ஸ். 8 மீட்டர் தள்ளி நின்று எடுத்தோம். லென்ஸை மாற்ற வேண்டுமா?

பதில் 1:
லென்ஸில் குறை இல்லை. கேமராவை அண்ணாந்து பிடிப்பதால் வருவது இது. சென்சார் (கேமராவுக்குள் படம் பதியும் தகடு) சுவருக்கு இணையாக இருக்கும்வரை செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே விழும். 8 மீட்டரில் நின்றால் உச்சி 64 டிகிரி மேலே இருக்கும், அதை ஃப்ரேமுக்குள் கொண்டுவரக் கேமராவை நிறையச் சாய்க்க வேண்டும். அவ்வளவு சாய்வை எந்த மென்பொருளும் நன்றாகத் திருப்பித் தராது. மேலே இருக்கும் கொஞ்சம் பிக்சல்களை இழுத்துத்தான் இடத்தை நிரப்பும்.

பின்னால் போங்கள். 24 மி.மீ. லென்ஸோடு கேமராவை நெடுக்குவாட்டில் திருப்பி, சாய்க்காமல் வைத்தால், கேமரா மட்டத்துக்கு மேலே, நிற்கும் தூரத்தில் முக்கால் பங்கு உயரம் ஃப்ரேமுக்குள் வரும். கேமரா தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், உங்கள் கட்டடத்துக்கு 22 மீட்டரில் உச்சி தொடும். தலைக்கு மேல் கொஞ்சம் வானமும் வேண்டுமென்றால் 25 மீட்டர். முக்காலியும் ரசமட்டமும் கட்டாயம். பல கேமராக்களில் ரசமட்டம் திரையிலேயே உண்டு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஆனால் 16 மீட்டரிலேயே எதிர்க் கட்டடம் வந்துவிடுகிறதே! அதோடு, கேமராவை நேராக வைத்தால் படத்தின் கீழ்ப்பகுதி முழுக்க வெறும் தரை.

பதில் 2:
அந்த எதிர்க் கட்டடம்தான் உங்களுக்கு நல்வாய்ப்பு. அனுமதி கேட்டு அதன் இரண்டாம் மாடிக்குப் போங்கள். கேமரா தரையிலிருந்து 7 அல்லது 8 மீட்டர் உயரத்தில் இருந்தால், சாய்க்காமலே அடி முதல் உச்சிவரை அடங்கும், தரையும் குறையும். கட்டடத்தின் நடு உயரத்திலிருந்து எடுக்கும் படத்தில் ஒரு நிதானம் இருக்கும். என்னைக் கேட்டால், செலவில்லாத வழிகளில் இதுவே முதல்.

மேலே போக முடியாவிட்டால் ஷிஃப்ட் லென்ஸ். கேமரா நேராகவே நிற்கும், லென்ஸ் மட்டும் மேலே நகரும். 24 மி.மீ. லென்ஸை 12 மி.மீ. நகர்த்தினால், 16 மீட்டரில் தரையில் நின்றே 21 மீட்டர் உயரம்வரை எடுக்கலாம், தரைப் பகுதியும் பெரும்பாலும் வெளியேறிவிடும். பழைய பெரிய ஃபிலிம் கேமராக்களில் இந்த வசதி இயல்பாகவே இருந்தது. 35 மி.மீ. கேமராவுக்கு நகர்வும் சாய்வும் சேர்ந்த லென்ஸை கேனான் 1973-லேயே கொண்டுவந்தது. விலை அதிகம், ஃபோகஸும் கையால்தான். வாங்குமுன் குழுவாக ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

பதில் 3:
ஒரு மாற்றுக் கருத்து. கோடுகள் சாய்வது எப்போதுமே தவறில்லை. அடிவாரத்தில் நின்று நன்றாக அண்ணாந்து எடுத்தால் அந்தச் சாய்வே படத்துக்கு வேகம் தரும். அரைகுறையாகச் சாய்ந்தால்தான் கவனிக்காமல் எடுத்ததுபோல் தெரியும்.

கேள்வி கேட்டவர்:
மாடிக்கு அனுமதி கேட்கிறோம். கிடைக்காதவர்கள் கொஞ்சம் சாய்த்து எடுத்து, பிறகு சரிசெய்தால்?

பதில் 1:
சரி, 16 மீட்டரில் 12 டிகிரி சாய்த்தால் போதும், அந்த அளவைத் தாராளமாகத் திருத்தலாம். சுற்றிலும் இடம் விட்டு எடுங்கள், வெட்டுப்படுவது அங்கேதான். லைட்ரூமில் முதலில் லென்ஸ் ப்ரொஃபைலை, அதாவது அந்த லென்ஸின் வளைவைத் திருத்தும் அமைப்பை, போடுங்கள். அகலக் கோண லென்ஸ் சுவரை வெளிப்பக்கம் வளைத்திருக்கும், வளைந்த கோட்டை நிமிர்த்த முடியாது. அப்புறம் கைடட் முறையில் (நீங்கள் வரையும் கோடுகளை வைத்துப் படத்தை நேராக்கும் வசதி) இரு ஓரச் சுவர்களிலும் கோடு வரையுங்கள். அதற்குப் பிறகும் கட்டடம் நெட்டையாகத் தெரிந்தால், ஆஸ்பெக்ட் ஸ்லைடரால் உயரத்தைக் குறையுங்கள். கீழ்த்தள ஜன்னல் ஒன்றின் உண்மையான உயர அகலத்தை அளந்து, படத்தில் தெரியும் அதே ஜன்னலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு குறைப்பது என்று அதிலேயே தெரியும்.