புதுப்பிப்பு: ஆல்டர்னேட்டர் மாட்டியாச்சு

காரில் பேட்டரி லைட் அணையவே மாட்டேங்குது, என்ஜின் ஓடும்போதும் 12.1 வோல்ட்தான் காட்டுது, ஆன்லைனில் ஆல்டர்னேட்டர் (என்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் பண்ற ஜெனரேட்டர்) ஆர்டர் போட்டிருக்கேன்னு போன வாரம் சொல்லியிருந்தேன்ல?

முதலில் வந்தது தப்பு. புல்லியில் (பெல்ட் ஓடுற சக்கரம்) 5 பள்ளம். என் பெல்ட்டுக்கு 6 வேணும். நல்லவேளை, மாட்டும் முன்னாடி பழையதைப் பக்கத்தில் வெச்சுப் பார்த்தேன். திருப்பி அனுப்பி, சரியானது நேத்துதான் வந்துச்சு.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டுத்தான் கை வெச்சேன். ஆல்டர்னேட்டர் பின்னாடி வர்ற தடி ஒயரில் எப்பவும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பாடியில் பட்டா பொறி பறக்கும். கீழ் போல்ட் துருப்பிடிச்சு ஒரு மணி நேரம் உயிரை வாங்கிடுச்சு.

ஸ்டார்ட் பண்ணதும் 14.2 வோல்ட், சார்ஜ் ஏறுது. ஏசி, ஹெட்லைட் போட்டும் 13.8க்குக் கீழே இறங்கலை.

பழையதைப் பிரிச்சுப் பார்த்தா, உள்ளே சுத்துற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் நகக்கண் அளவுக்குத் தேஞ்சிருக்கு. அதை மட்டும் மாத்தியிருந்தா சில நூறு ரூபாயோட போயிருக்கும். வயிறு எரியுது!