மும்பையில் பானைத் தண்ணீர் குளிரவே இல்லை, பானையில் கோளாறா?

கேள்வி:
தாராவி கும்பார்வாடாவில் 8 லிட்டர் சிவப்புப் பானை வாங்கி 3 வாரம் ஆகிறது. சயனில் வீடு, சமையல்கட்டு மூலையில் ஸ்டூல் மேல் வைத்திருக்கிறோம். முதல் வாரம் வெளியே நன்றாகக் கசிந்தது. இப்போது காய்ந்துபோய், கழுத்துக்குக் கீழே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவுகிறோம். குடிக்க டேங்கர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றுகிறோம். வேறு பானை வாங்கணுமா?

பதில் 1:
வேண்டாங்க, முதலில் சோப்பை நிறுத்துங்க. மண் அதை உறிஞ்சிக்கும். தண்ணீரிலும் வாடை வரும்.

வெள்ளையா இருக்கிறது உப்பு. புதுப் பானையில் மண்ணிலிருக்கும் உப்பே கொஞ்ச நாள் பூத்து அடங்கிடும். 3 வாரம் கழிச்சும் ஏறினா டேங்கர் தண்ணீர்தான் காரணம். மாநகராட்சிக் குழாயில் வருவது ஏரித் தண்ணீர், அதில் உப்பு குறைவு.

காஞ்ச பானையின் வெளிப்பக்கம் ஒரு சொட்டு விடுங்க. சில நொடியில் உள்ளே இழுத்தா, தண்ணீர் கசியும் மண்ணின் நுண்துளைகள் திறந்திருக்கு. முத்து மாதிரி நின்னா அடைச்சிருக்கு. அப்படின்னா பானையை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைங்க. ஈரமா இருக்கும்போதே 1 பங்கு வினிகர், 4 பங்கு தண்ணீர் கலந்து வெளிப்பக்கம் மட்டும் தேங்காய் நாரால் தேய்ங்க. காஞ்ச பானையில் தேய்ச்சா புளிப்பு ஆழமா இறங்கிடும், ஊறவைக்கச் சொல்வது அதுக்குத்தான். நல்லா அலசி, 2 நாள் வெயிலில் காயவிடுங்க. சூடான பானையில் உடனே தண்ணீர் ஊத்தாதீங்க, விரிசல் விடும்.

பதில் 2:
பானை சரியானாலும் மும்பையில் ஐஸ் தண்ணீர் எதிர்பார்க்க முடியாது. கசியும் தண்ணீர் ஆவியாகும்போதுதான் பானை குளிரும்; 10 லிட்டரில் 100 மில்லி ஆவியானாலே சுமார் 6 டிகிரி இறங்கணும். ஆனா காற்றில் ஈரம் அதிகமா இருந்தா ஆவியாவதே குறைவு. 33 டிகிரி வெயில், 70 சதவீத ஈரப்பதம்னா எந்தப் பானையும் 28-க்குக் கீழே போகாது. டெல்லி மே மாசத்தில், 42 டிகிரி, 20 சதவீதத்தில், 24 வரைக்கும்கூட இறங்கலாம். அதனால் இடம்தான் முக்கியம். மூலையிலிருந்து எடுத்து, காற்று குறுக்கே ஓடும் ஜன்னல் பக்கம், நிழலில் வைங்க.

பதில் 3:
பெயின்ட், வார்னிஷ் அடிச்ச பானை எப்பவுமே கசியாது, அடுத்த தடவை பார்த்து வாங்குங்க. ஸ்டூலில் நேரா வைக்காம புரிமணை (வைக்கோல் வளையம்) மேல வைங்க, அடியிலும் காற்று படும். ஜூன் மழை இறங்கினதும் காலி பண்ணிக் காயவெச்சு, கவிழ்த்து எடுத்து வெச்சிடுங்க. அந்த ஈரத்தில் குளிராது, வெளியே பூஞ்சைதான் பிடிக்கும்.