கம்பைலர், டிபக்கர் வேலையில் நீங்கள் பட்ட அனுபவம்

வெள்ளவத்தையிலிருந்து:

நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது கம்பைலர். ஓடும் நிரலுக்குள் பார்த்துப் பிழை தேட உதவுவது டிபக்கர். ஜிசிசி என்ற கம்பைலர், ஜிடிபி என்ற டிபக்கர், எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவித் தொகுப்பு போன்ற, யாரும் மூலநிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூலக் கருவிகளில் கைவைத்தவர்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் தெரியாது. அதனால் என் கதையை முதலில் எழுதுகிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

2022 மார்ச் மாதக் கடைசி. நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்கள். ஜிசிசி தரும் ஓர் எச்சரிக்கை, பிழை இல்லாத வரியைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருத்த நான் எழுதியது மொத்தம் ஆறு வரி. ஆறு வரியோ அறுநூறு வரியோ, அனுப்புவதற்கு முன் கம்பைலரை அதன் மூலநிரலிலிருந்து முழுமையாகக் கட்டி, சோதனைகளையும் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதிலும் ஒரு தடவை கட்டினால் போதாது. கணினியில் ஏற்கெனவே இருக்கும் கம்பைலர் முதல் கட்டத்தைக் கட்டும். அப்படிக் கிடைத்த புதிய கம்பைலர் தன் மூலநிரலையே மறுபடி கட்டும், அது இரண்டாம் கட்டம். இரண்டாவது மூன்றாவதைக் கட்டும். கடைசி இரண்டு கட்டங்களின் கோப்புகளும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் கம்பைலர் எங்கோ தவறான நிரலை உருவாக்குகிறது என்று பொருள். என் பழைய மேசைக் கணினிக்கு எல்லாம் முடிய ஏழு மணி நேரம் வேண்டும். அந்த நாட்களில் ஏழு மணி நேரம் தொடர்ந்து மின்சாரத்துக்கு எங்கே போவது?

இரண்டாம் கட்டத்தின் நடுவில் மின்சாரம் போனது. திரும்பி வந்ததும், கட்டும் வேலையை நடத்தும் ‘மேக்’ கட்டளையைக் கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து சமர்த்தாகத் தொடர்ந்தது. ஆனால் கட்டிய கோப்புகளை ஒன்றாக இணைக்கும் வேளையில் ஒரு கோப்பை அடையாளம் காண முடியவில்லை என்று நின்றுவிட்டது. அந்தக் கோப்பைப் பார்த்தேன். பெயர் இருக்கிறது, நேரம் இருக்கிறது, அளவு மட்டும் 0. மின்சாரம் போன கணத்தில் கோப்பின் பெயர் வட்டில் பதிந்துவிட்டது, உள்ளடக்கம் இன்னும் நினைவகத்திலேயே இருந்திருக்கிறது. ‘மேக்’ பார்ப்பது நேரத்தை மட்டும்தான். கோப்பு மூலநிரலைவிடப் புதியது என்பதால், வேலை முடிந்தது என்று தாண்டிப் போய்விட்டது. தேடிப் பார்த்ததில் அதே மாதிரி இன்னும் நான்கு வெற்றுக் கோப்புகள்.

அவற்றை அழித்துவிட்டுத் தொடர்ந்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. ஜிசிசி கட்டப்படும்போதே சில மூலநிரல் கோப்புகள் தானாக உருவாக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்று பாதியில் அறுந்திருந்தால்? முழுவதையும் அழித்து முதலிலிருந்து தொடங்கினேன். இப்படி மூன்று தடவை. நான்காவது தடவைக்கு முன், திறமூல வேலை செய்பவர்களுக்குக் கணினிகளை இலவசமாகத் தரும் ஜிசிசி கம்பைல் ஃபார்ம் திட்டத்தில் கணக்குக் கேட்டு விண்ணப்பித்தேன். கிடைத்தது. கைபேசியின் இணையத்தில் மடிக்கணினியை இணைத்து, இருட்டில் இருந்தபடி அங்கே வேலையை ஓடவிட்டேன். மின்கலம் தீர்ந்து இணைப்பு அறுந்தாலும் அங்கே வேலை நிற்காதபடி அமர்வை இணைப்பிலிருந்து பிரித்து வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் கடைசி இரண்டு கட்டங்களும் ஒத்துப்போயிருந்தன. அந்த ஒரு வரிச் செய்தியைப் பார்த்ததும் வந்த சந்தோஷம் இன்றைக்கும் மனதில் இருக்கிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அண்ணா, அந்த வெற்றுக் கோப்பை நானும் சந்தித்திருக்கிறேன். காரணம் தெரிந்தது இன்றைக்குத்தான். என் கதை தமிழ் எழுத்தைப் பற்றியது.

வேலையிடத்தில் ஒரு சி++ நிரல். நகரம் ‘கொழும்பு’ என்றால் ஒரு கணக்கு, வேறு ஊர் என்றால் வேறு கணக்கு. சில முகவரிகளுக்கு மட்டும் கொழும்புக் கணக்கு வேலை செய்யவில்லை. நிரலில் இருந்த சரம் (எழுத்துத் தொடர்), முகவரியில் வந்த சரம், இரண்டையும் ஜிடிபியில் அச்சிட்டுப் பார்த்தேன். அதுவும் கொழும்பு, இதுவும் கொழும்பு. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அரை நாள் போனது. கடைசியில் நினைவகத்தை பைட் பைட்டாக, எட்டை அடியாகக் கொண்ட எண்களில் காட்டும்படி கேட்டேன். ஒன்று 24 பைட், மற்றது 27. முதலாவதில் ஒகரக் குறி 340 257 212 என்று ஒரே குறியீடாக இருந்தது. மற்றதில் 340 257 206, அதன் பின் 340 256 276. அதாவது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியே! திரையில் இரண்டும் ‘கொ’ என்றே தெரியும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோட் தரம் இரண்டு விதத்தையும் அனுமதிக்கிறது, ஒப்பிடுவதற்கு முன் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது நம் பொறுப்பு.

அன்றிரவே பைதான் மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதினேன். 2009இல் வந்த ஜிடிபி 7.0 முதல், இப்படி நம் நிரல்களைப் பைதானில் எழுதி ஜிடிபியோடு சேர்க்கலாம். ஒரு சரத்தை அச்சிடும்போது எத்தனை எழுத்து, எத்தனை குறியீடு, எத்தனை பைட் என்பதையும் என் நிரல் பக்கத்தில் காட்டும். ‘கொழும்பு’ என்றால் 4, 8, 24. திறமூலமாக வெளியிட்டேன்.

எழுதியது ஓர் இரவு, பராமரிப்பது நான்காவது வருடம். ஒருநாள் ஒருவர் “வேலை செய்யவில்லை” என்று இரண்டே சொல் எழுதியிருந்தார். மனம் சுருங்கிப் போனது. ஆனாலும் எந்தப் பதிப்பு, எந்தக் கம்பைலர் என்று கேட்டு, பிழையைக் காட்டக்கூடிய மிகச் சிறிய நிரல் ஒன்றைத் தர முடியுமா என்று பதில் எழுதினேன். மறுநாள் பன்னிரண்டு வரி நிரல் வந்தது. அவர் பயன்படுத்தியது எல்எல்விஎம் குடும்பத்தின் சி++ நூலகம், அதாவது தயார் நிரல்களின் தொகுப்பு. அதில் சரத்தின் உள்ளமைப்பு வேறு, என் நிரலோ ஜிசிசியோடு வரும் நூலகத்தின் உறுப்புப் பெயர்களையே தேடிக்கொண்டிருந்தது. ஒரு மாலையில் திருத்திவிட்டேன். அந்தப் பன்னிரண்டு வரி இல்லாவிட்டால் ஒரு மாதம் அலைந்திருப்பேன்.

தெஹிவளையிலிருந்து:

என்னுடையது நிரல் பிரச்சினை அல்ல, கடதாசிப் பிரச்சினை. ஜிசிசிக்கு ஓரளவு பெரிய திருத்தம் தருவதென்றால் முன்பு பதிப்புரிமையை எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை செய்யும் இடமும் தனக்கு உரிமை இல்லை என்று கையெழுத்திட வேண்டும். அப்போது நான் வேலை செய்த இடத்தில் கடிதம் மேசை மேசையாக எட்டு மாதம் சுற்றியது, கையெழுத்து வரவே இல்லை. திருத்தம் என் வட்டிலேயே கிடந்தது. 2021 ஜூனில் ஜிசிசி வழிநடத்தல் குழு அந்த நிபந்தனையைத் தளர்த்தியது. இது என் சொந்த எழுத்து, தர எனக்கு உரிமை உண்டு என்று உறுதியளிக்கும் ஒரு வரியைத் திருத்தத்தின் கீழ் சேர்த்தால் போதும் என்றானது. வேலையிடம் மாறிய பிறகு, புதிய இடத்தில் வாய்விட்டு அனுமதி கேட்டு, அந்த வரியோடு அனுப்பினேன். தம்பி தங்கைகளே, வேலைக்குச் சேரும் நாளிலேயே ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதும் நிரலின் உரிமை பற்றிய பகுதியை வாசித்துக் கேட்டுவிடுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து, மீண்டும்:

தங்கை, உங்கள் நிரலை இன்று மாலை ஓட்டிப் பார்த்தேன். என்னிடம் உள்ள ஊர்ப் பட்டியலில் கொள்ளுப்பிட்டி, கோட்டை, உங்கள் கொட்டாஞ்சேனை, மூன்றிலும் கொம்பும் காலும் பிரிந்தே இருக்கின்றன. மூன்றையும் சோதனைக் கோப்பில் சேர்த்து இன்றிரவு அனுப்புகிறேன்.