உப்புத்தண்ணியில எண்ணெய் கலக்குறவங்க அனுபவம் சொல்லுங்க

பர்கூர் மாந்தோப்பு:
எங்க போர் தண்ணியில சோப்பு நுரைக்கவே நுரைக்காது. மாம்பூவுல தத்துப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் அடிக்கிறோம், அதுக்கு காதி சோப்பு கரைச்சு ஊத்தினா டிரம்முல வெள்ளையா திப்பி திப்பியா திரிஞ்சு நாசில் அடைச்சுக்கும், எண்ணெய் மேல தனியா மிதக்கும், அப்புறம் முதல் வரிசை மரத்துக்கு வெறும் தண்ணி, கடைசி மரத்துக்கு வெறும் எண்ணெய், அந்தப் பூங்கொத்து கருகியே போயிடும். இப்ப மருந்துக்கடையில நான்-அயானிக் எமல்சிஃபையர்னு, அதாவது எண்ணெயும் தண்ணியும் பிரியாம கலக்க வைக்குற சார்ஜ் இல்லாத சரக்குனு, கேட்டு வாங்குறோம். வாளியில முதல்ல எண்ணெயோட அதை நல்லா கலக்கிட்டு, தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கலக்கக் கலக்க மோர் மாதிரி வெளுத்து வரும், அப்புறம்தான் டிரம்முல ஊத்துறது. சோப்புக்கு மைனஸ் சார்ஜ் இருக்கு, உப்புத்தண்ணியில இருக்குற கால்சியம் மெக்னீசியத்தோட ஒட்டி கரையாத பிசுக்காயிடுது. இதுக்கு சார்ஜே இல்ல, அதனால நம்ம தண்ணிக்கு இதுதாங்க சரி.

தர்மபுரி பேக்கரி:
அண்ணா, நம்ம கேக் ஜெல்லும் அதே வகைதான். பாக்கெட்ல சேர்க்கைப் பொருள் நம்பரா 471, 433னு போட்டிருக்கும். 433தான் பாலிசார்பேட் 80, ஐஸ்கிரீம்ல போடுறாங்க, கோவிஷீல்டு ஊசியிலயும் அது இருந்துச்சு. 1949ல கிரிஃபின்னு ஒருத்தர் எமல்சிஃபையர் எண்ணெய் பக்கமா தண்ணி பக்கமானு காட்ட ஹெச்எல்பினு நம்பர் கொடுத்தாரு, நம்பர் கூடக்கூட தண்ணி பக்கம் சாயும். ஸ்பான் 80ங்கிற இன்னொரு எமல்சிஃபையருக்கு 4.3, இந்த பாலிசார்பேட் 80க்கு 15. எண்ணெய தண்ணிக்குள்ள பரப்பணும்னா பெரிய நம்பர் பக்கம் போகணும், அடுத்த தடவை கடையில அந்த நம்பரையும் கேளுங்க.

ஓசூர் சிஎன்சி:
எங்களுக்கு கூலன்ட்ல, அதாவது மெஷின்ல இரும்பு கடையுறப்ப சூடு தணிக்க ஊத்துற எண்ணெய்-தண்ணிக் கலவையில, இதே தொல்லை. உப்புத்தண்ணி ஊத்தினா மேல ஏடு கட்டி பிரிஞ்சிடும், கடையுற ஜாப் துருப்பிடிக்கும், நான்-அயானிக் அதிகம் இருக்குற ஆயிலுக்கு மாறினதுல எவ்வளவோ தேவல. ஆனா ஊத்துற முறை உங்களுக்கு நேர் எதிர் அண்ணா, தண்ணிய வச்சுக்கிட்டு அதுலதான் ஆயில ஊத்தணும், மாத்தி ஊத்தினா கெட்டியா குழம்பிடும். இன்னொண்ணு, கலந்த டிரம்ம வெயில்ல வைக்காதீங்க. இந்த வகையில நிறைய சரக்கு சூடு ஏறினா தண்ணியில கரையாம கலங்கிப்போயிடும். கேன்ல நோனைல்பீனால் எத்தாக்சிலேட்னு இருந்தா, அதுவும் நான்-அயானிக்தான், ஆனா தயவுசெஞ்சு வாங்காதீங்க. அது சிதைஞ்சு வர்றது மீனோட ஹார்மோன கெடுக்குது, ஐரோப்பாவுல 2003லயே கட்டுப்பாடு போட்டுட்டாங்க. தோப்புல அடிக்கிறது மழையில ஏரிக்குத்தான் போகும். ஃபேட்டி ஆல்கஹால் எத்தாக்சிலேட்னு இருக்குறத கேட்டு வாங்குங்க.