சிரியம் கோட்டைத் திரித்துப்பாக்கி: மழையில் எப்படிச் சமாளித்தார்கள்?

தான்லின்வாசி:
1613 வரை சிரியத்தை, அதாவது பர்மாவில் இருக்கும் எங்கள் தான்லினை, கையில் வைத்திருந்த போர்த்துகீசியத் தலைவர் டி பிரிட்டோவின் ஆட்களிடம் இருந்தது திரித்துப்பாக்கி, அதாவது கனலும் கயிற்றுத் திரியால் சுடும் துப்பாக்கிதானே? நம்மூர் ஆடி மழையில் திரி அணையாமல் எப்படிக் காவல் இருந்திருப்பார்கள்? ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே என்னென்ன வேலை?

பெகு ராஜூ:
வெடித்ததும் முதல் வேலை, திரியைக் கவ்வியிலிருந்து கழற்றி இடது கை விரலிடுக்கில் தள்ளிப் பிடிப்பது. பிறகு குழலின் பக்கத்தில் உள்ள சின்னக் கிண்ணத்தில் நைசான வெடிமருந்து போட்டு மூடணும். மூடி மேல் சிந்தியதை ஊதித் தள்ளாவிட்டால், பின்னால் திரியை ஊதும்போது தெறிக்கும் பொறி அதில் விழுந்து முகத்தருகே பற்றிக்கொள்ளும். அடுத்து குழலில் மருந்து, குண்டு, கஜம் என்ற நீளக் கம்பியால் கெட்டிக்கணும். மஸ்கட் என்ற கனத்த துப்பாக்கி என்றால் ராத்தலுக்கு (பவுண்டுக்கு) 12 குண்டு, ஒன்று சுமார் 38 கிராம். மருந்து அதில் ஏறக்குறைய பாதி எடை. கடைசியில் திரியை மாட்டி, நுனி கிண்ணத்து நடுவில் விழுகிறதா என்று பார்த்து, சாம்பலை ஊதி, மூடியைத் திறந்து சுடணும். நுனி நீண்டிருந்தால் கிண்ணத்தைத் தாண்டி விழும். குட்டையானால் கவ்வியிலேயே அணையும்.

கிண்ணத்து மருந்து மட்டும் புஸ்ஸென்று எரிந்தால், அங்கிருந்து குழலுக்குள் தீ போகும் துளையான பற்றுவாய் கரியடைத்திருக்கிறது. ஊசியால் குத்தினால் சரியாகும்.

மோல்மேன் செல்வம்:
ராஜூ அண்ணே சொன்னதோடு மழைக் கணக்கையும் சேர்த்துக்கலாம். சணல் அல்லது பருத்திக் கயிற்றை வெடியுப்புக் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்ததுதான் திரி. ஒரு முனை மணிக்குச் சுமார் ஒரு சாண் எரியும். ஒன்று அணைந்தால் மற்றதில் பற்றவைக்க இரண்டு முனையும் எரியணும் என்றால் மணிக்கு ஒரு முழம், ஓர் இரவுக்கு 12 முழம்! அதனால் காவல் நிற்பவரின் திரியை மட்டும் கனல விட்டு, மற்றவர்கள் வேண்டும்போது அதிலிருந்து பற்றவைப்பதே சிக்கனம். அடைமழையில் திறந்த கிண்ணம் நனைந்துவிடும். அதற்கு வேறு வழியே கிடையாது, கூரையடியில் நின்றுதான் சுடணும்.

தூறல் இல்லாத நாளிலும் மருந்து நமுத்துப்போகும். குற்றம் வெடியுப்பில் கலந்த கறியுப்பில். சுத்தமான வெடியுப்பு அவ்வளவாக ஈரம் இழுக்காது. மறுபடி காய்ச்சிப் படியவைத்து எடுத்தால் கறியுப்பு பெரும்பாலும் தண்ணீரிலேயே தங்கிவிடும்.

தான்லின்வாசி:
அப்படியானால் 1613 முற்றுகையில் மழைதான் கவிழ்த்ததா? தான்லினில் பாழடைந்து கிடக்கும் போர்த்துகீசிய சர்ச் அந்தக் காலத்ததுதானே?

பெகு ராஜூ:
இரண்டும் இல்லை. பர்மிய அரசர் அனௌக்பெட்லுன் முற்றுகையிட்டது கோடையில். கோட்டைக்குள்ளே வெடிமருந்துத் தட்டுப்பாடு. டி பிரிட்டோ மயிலாப்பூர் சாந்தோமுக்குக்கூட மருந்து கேட்டு ஆள் அனுப்பினார், வரவில்லை. சர்ச் 18ஆம் நூற்றாண்டு நடுவில் கட்டியது. பிடிபட்ட போர்த்துகீசியரை அழிக்காமல் மூ ஆற்றுப் பக்கம் குடியேற்றி, அரசரின் துப்பாக்கிப் படையில் பரம்பரையாகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்துப் பயிஞ்ஜி (போர்த்துகீசிய வம்சாவளிக் கத்தோலிக்கர்) ஊர்கள் அவர்கள் வழிதான்.