வங்கதேசத்தில் புயல் மரணங்கள் குறைந்தது எப்படி?

கேள்வி: 1970ஆம் ஆண்டு போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேரை இழந்த வங்கதேசத்தில், 2007ஆம் ஆண்டு சிதர் புயலில் உயிரிழப்பு சில ஆயிரங்களாகக் குறைந்ததற்குப் புயல் காப்பகக் கட்டடங்கள் மட்டும்தான் காரணமா?

பதில் 1: இல்லை. 1972இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் (இன்றைய செம்பிறைச் சங்கம்) முயற்சியில் தொடங்கப்பட்ட புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தின் தன்னார்வலர்கள், கொடியேற்றியும் ஒலிபெருக்கியில் அறிவித்தும் வீடு வீடாக எச்சரிக்கையைக் கொண்டுசேர்ப்பதே என் பார்வையில் முதன்மையான காரணம். 1991 புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தபோது, எச்சரிக்கை கிடைத்தும் கால்நடைகளையும் உடைமைகளையும் விட்டுச்செல்ல மனமில்லாமல் வீட்டிலேயே தங்கியவர்கள் பலர். பின்னர் கட்டப்பட்ட காப்பகங்கள் பலவற்றில் கால்நடைகளுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. மற்ற நாள்களில் அவை பள்ளிகளாக இயங்குவதால் பராமரிப்பும் (ஓரளவு) நடக்கிறது.

பதில் 2: உயிர் தப்புவது வேறு, அங்கேயே தொடர்ந்து வாழ்வது வேறு. 2009இல் ஐலா புயல், வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய மண்கரைகளை உடைத்த பிறகு, தென்மேற்கிலுள்ள குல்னா, சத்கீரா மாவட்டங்களில் வயல்களும் குடிநீர்க் குளங்களும் நெடுங்காலம் உவர்நீரில் கிடந்தன. இறால் பண்ணைகளுக்காகக் கரைகளைத் துளைத்து உப்புநீரை உள்ளே விட்ட வழக்கத்தையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்: அப்படியானால் கரைகளை உயர்த்தினால் போதாதா?

பதில் 2: போதாது. 1960களிலிருந்து எழுப்பப்பட்ட கரைகள் வண்டலை வயல்களுக்குள் வரவிடாமல் தடுத்ததால், ஆற்றுப்படுகை மேடாகி நிலம் தாழ்ந்தது. ஆகவே தென்மேற்குப் பகுதியில் சில தாழ்நிலங்களுக்குள் சில ஆண்டுகள் ஓதநீரை (கடலின் ஏற்றத்தால் ஆற்றில் ஏறிவரும் நீரை) அனுமதித்து, வண்டலால் நிலத்தை உயர்த்துகிறார்கள். அதுவரை விளைச்சலை இழக்கும் உழவருக்கு உரிய இழப்பீடு கிடைக்காதபோதுதான் எதிர்ப்பு எழுகிறது.