கழுத்துல இருக்கற மரு திடீர்னு கருப்பாயிடுச்சு, டாக்டர பாக்கணுமா?

கேள்வி:
வணக்கம் ஃப்ரெண்ட்ஸ். எனக்கு கழுத்து ஓரத்துல பல வருஷமா ஒரு சின்ன மரு இருக்கு, தோல் கலர்லயே மெத்துனு தொங்கிட்டிருக்கும், வலியெல்லாம் கிடையாது, செயின் போட்டா மட்டும் அப்பப்ப மாட்டும். இப்ப ரெண்டு நாளா அது வீங்கி, கருஞ்செவப்பாகி, நுனி முழுக்க கருப்பாயிடுச்சு, தொட்டாலே சுருக்குனு வலிக்குது. முன்னாடி பாத்த டாக்டர் இது சாதாரண மரு, விட்டுடுங்கன்னு தான் சொன்னாங்க. இப்ப கேன்சரா மாறிடுச்சோன்னு ஒரே பயம். வீட்ல நூல் கட்டு, தானா விழுந்துடும்ங்கறாங்க. கட்டலாமா?

பதில் 1:
பயப்படாதீங்க. நீங்க சொல்றத பாத்தா காம்பு முறுக்கிக்கிட்ட மாதிரி தான் இருக்கு. இந்த மாதிரி மருவுக்கு மெல்லிசா ஒரு காம்பு இருக்கும், அது வழியா தான் ரத்தம் போகும், செயின்லயோ காலர்லயோ மாட்டி அது முறுக்கிட்டா ரத்த ஓட்டம் நின்னு போய் வீங்கும், வலிக்கும், அப்புறம் கருத்து காஞ்சு கொஞ்ச நாள்ல தானா உதிர்ந்துடும். இந்த மாதிரி தொங்கற மருவ ஸ்கின் டேக்னு சொல்வாங்க, அது கேன்சரா மாறுறது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா போஸ்ட படிச்சு மட்டும் யாரும் உறுதியா சொல்ல முடியாது, கலர் மாறியிருக்கறதால ஒரு தடவ நேர்ல காட்டிடுங்க. சீழ் வந்தாலோ, சுத்தி செவந்து சூடா இருந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ லேட் பண்ணாம உடனே போங்க.

பதில் 2:
தயவு செஞ்சு நூல் கட்டாதீங்க! ஏற்கனவே புண்ணான எடம், இன்ஃபெக்‌ஷன் ஆயிடும். மரு எடுக்கற ஆசிட் மருந்தும் வேணாம், அது வைரஸால வர்ற சொரசொரப்பான மருவுக்கு உள்ளது, இதுல வெச்சா சுத்தியிருக்கற நல்ல தோலும் வெந்து போயிடும். இன்னொன்னு, டாக்டர் எடுத்தாங்கன்னா சந்தேகம் இருந்தா அத பயாப்ஸிக்கு, அதாவது லேப் டெஸ்டுக்கு அனுப்பி பாப்பாங்க, நாமளே கட்டி விழ வெச்சு குப்பைல போட்டுட்டா அது என்னன்னு பாக்கவே வழியில்லாம போயிடும். அதுவரைக்கும் செயின கழட்டி வெச்சுட்டு மெதுவா சோப்பு தண்ணில கழுவுங்க போதும்.

பதில் 3:
மேல ரெண்டு பேரும் சொன்னது கரெக்ட். ஆனா இத படிச்சுட்டு, மச்சம் மாறினவங்களும் தானா விழுந்துடும்னு சும்மா இருந்துடக் கூடாதுன்னு தான் எழுதறேன். தட்டையான மச்சம் ஒரு பக்கம் மட்டும் பெருசாகறது, ஓரம் கோணல்மாணலா ஆகறது, ஒரே மச்சத்துல ரெண்டு மூணு கலர் தெரியறது, 6 மில்லிமீட்டருக்கு மேல வளர்றது, இதெல்லாம் வலியே இல்லாம நடக்கும், வலிக்கலன்னு விட்டுடாதீங்க. நம்மள மாதிரி கருப்பு, மாநிறத் தோல் உள்ளவங்களுக்கு மெலனோமா (மச்சம் மாதிரி தெரியற ஒரு தோல் கேன்சர்) வந்தா உள்ளங்கை, உள்ளங்கால், நகத்துக்கு அடியில தான் அதிகமா வருது, அங்கெல்லாம் யாருமே பாக்கறதில்ல. நகத்துல புதுசா ஒரு கருப்புக் கோடு வந்து அகலமாகிட்டே போனாலும் காட்டணும். அதே மாதிரி ரத்தம் கசிஞ்சு பொருக்கு தட்டி, திரும்பத் திரும்ப அதே எடத்துல புண்ணாகி ஒரு மாசமாகியும் ஆறலன்னா கண்டிப்பா போகணும். சந்தேகமா இருந்தா பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு ஃபோட்டோ எடுத்து வைங்க, எப்படி மாறுதுன்னு டாக்டர் கேப்பாங்க, அப்ப காட்டலாம்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். நூல் கட்டல. நாளைக்கே ஸ்கின் டாக்டர பாக்கறேன். இன்னொரு டவுட், சமீபமா அக்குள்லயும் குட்டி குட்டியா நெறைய வந்திருக்கு, அதையும் சொல்லணுமா?

பதில் 1:
கண்டிப்பா சொல்லுங்க. உடம்பு வெயிட் போட்டாலோ சுகர் இருந்தாலோ இந்த மாதிரி நெறைய வரும். கழுத்து பின்னாடி கருத்து தடிச்ச மாதிரி இருந்தா அதையும் காட்டி, சுகர் டெஸ்ட் எடுக்கணுமான்னு கேளுங்க.